எண்ணோடு விளையாடுவோம்

(அமராவதிபுதூரில் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோரும் வேளாண் பெருமக்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சாலை, குடிநீர், கண்மாய், தெருவிளக்கு ஆகியவை பற்றிப் பேசுவதற்கே நேரம் போதாத இத்தகைய கூட்டத்தில், குழந்தைகளின் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சாலைக்கும் கண்மாய்க்கும் எவ்வகையிலும் குறைந்ததன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் கணக்கைக் கண்டு அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் வழி என்ன, அதில் ஊராட்சிக்கும் உழவர் குடும்பத்திற்கும் உள்ள பங்கு என்ன என்பனவே இன்றைய பேச்சு.

கணக்கை அஞ்சுவதால் வரும் கேடு

கணக்கிலே மதிப்பெண் குறைந்தால் தேர்வில் தோல்வி என்பதோடு கேடு முடிந்துவிடுவதில்லை. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்று ஒருவர் கடன் வாங்குகிறார். இரண்டு ரூபாய்தானே என்று அவருக்குத் தோன்றுகிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மாதம் 200 ரூபாய், ஆண்டுக்கு 2,400 ரூபாய், அதாவது நூற்றுக்கு இருபத்து நான்கு என்பதை அக்கணமே மனத்தில் போட்டுப் பார்க்கக் கூடியவர் கையெழுத்து இடுமுன் ஒரு முறை சிந்திப்பார். போட்டுப் பார்க்க இயலாதவர் அறுவடைக்குப் பின்னர்ச் சிந்திப்பார். விதையளவு, உர அளவு, மருந்தைத் தண்ணீரில் கலக்கும் விகிதம், பால் சங்கத்தில் கொழுப்புச் சத்துக்கு ஏற்ற விலை, எடை மேடையில் கழிவு, இவை யாவும் கணக்கே. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை கிராம சபையில் படிக்கப்படும்போது, அதனைக் கேட்டு வினா எழுப்பக்கூடிய குடிமக்கள் இருந்தால்தான் சபை சபையாக இருக்கும். கணக்கு அறியாதவன் உரிமை பிறர் கையில் இருக்கும். ஆகவே எட்டு வயதுப் பிள்ளையின் கணக்கு அச்சம் நாளைய கிராமத்தின் வலிமையைக் குறைக்கும் செய்தியாகும்.

இப்பகுதியின் பழம்பெருமை

இக்குறை இந்த மண்ணுக்கு இயல்பானதன்று. செட்டிநாட்டு வணிகர் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் தொழில் நடத்திய காலத்தில், கடையிலே சேர்ந்த சிறுவர்கள் வட்டிக் கணக்கை மனக்கணக்காகவே போட்டுப் பழகினர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதப்பட்டது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதிபாதியாகச் செல்லும் பின்னங்களையும், முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி வரையிலான பிற பின்னங்களையும் பிள்ளைகள் அறிந்திருந்தனர். தமிழ்க்கடல் எனப் புகழ்பெற்ற இராய. சொக்கலிங்கனார் பிறந்த ஊர் இந்த அமராவதிபுதூர். அருகிலுள்ள காரைக்குடியிலோ, வள்ளல் அழகப்பர் 1947ஆம் ஆண்டு கல்லூரி கண்டார். அவர் தந்த நிலத்திலும் பொருளிலும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953இல் அது திறக்கப்பெற்றது. எழுத்தையும் எண்ணையும் இவ்வாறு போற்றிய வட்டாரத்தில் வாய்பாடு என்றதும் பிள்ளைகள் முகம் சுருங்குவது நாம் பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று.

திண்ணைப் பள்ளியில் மனப்பாடமும் பிரம்பும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அக்காலத்துக் கணக்கில் விளையாட்டும் இருந்தது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் பழைய நூலை எடுத்துக்கொள்வோம். பலாப்பழத்தை அறுக்காமலேயே உள்ளிருக்கும் சுளைகளை எண்ணும் வழி ஒன்றை அந்நூல் கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளைத் தொகை கிடைக்கும் என்பது அதன் கூற்று. முள் நூறு எனில் சுளை நூற்றிருபது. இது எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்பது வேறு வினா. அவ்வினாவே நமக்கு வேண்டுவது! ஒரு பலாப்பழத்தைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் முள்ளை எண்ணட்டும், பெருக்கட்டும், வகுக்கட்டும், பின்பு அறுத்துச் சுளையை எண்ணிச் சரிபார்க்கட்டும். விடை பொருந்தினும் பொருந்தாவிடினும் பெருக்கலும் வகுத்தலும் பிள்ளைகளுக்கு வந்துவிடும், சுளையும் வீண்போகாது.

திண்ணையில் இருந்த கணிதப் பள்ளி

நம் வீட்டுத் திண்ணைகளில் வேறொரு கணிதப் பள்ளியும் நடந்துவந்தது. அதன் பெயர் பல்லாங்குழி. பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்தாக இட்டால் எழுபது முத்துக்கள். எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கை எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பவர் வெல்கிறார். அள்ளும் முன் எண்ணுவது கூட்டலும் கழித்தலுமாகும். குழியில் நான்கு சேர்ந்தவுடன் பசு என்று எடுப்பது நான்கின் மடங்கை அறிதலாகும். தாயத்தில் இரண்டு கட்டைகளின் புள்ளிகளைக் கூட்டிக் காயை நகர்த்துகிறோம். ஆடுபுலி ஆட்டத்தில், இந்த இடத்தில் ஆட்டை வைத்தால் புலி எங்கே தாவும் என்று இரண்டு படி முன்னே சிந்திக்கிறோம். பாட்டிமார்கள் பேத்திகளுக்குக் கற்பித்த இக்கலைகளைக் கணக்கு என்று ஒருவரும் அழைக்கவில்லை. அதனால்தான் ஒருவரும் அஞ்சவுமில்லை.

நாட்டிலும் உலகிலும் நடந்த முயற்சிகள்

செய்கையின் வாயிலாகக் கற்பித்தல் வேண்டும் என்பது புதிய கருத்தன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில், நூற்கும் நூலை அளந்தும் எண்ணியுமே கணக்குக் கற்கலாம் என்னும் நோக்கம் இருந்தது. இத்தாலிய நாட்டு அம்மையார் மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, மணிகளையும் கட்டைகளையும் கொண்டு குழந்தைகட்கு எண்ணறிவு ஊட்டும் முறையில் நம் நாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். ஒன்று என்பது ஒரு மணி. பத்து என்பது கோத்த ஒரு சரம். நூறு என்பது பத்துச் சரம் சேர்ந்த ஒரு சதுரம். குழந்தை எண்ணைக் கையில் ஏந்திப் பார்த்து அறிகிறது.

ருசிய நாட்டு யாக்கோவ் பெரல்மான் கணிதத்தையும் பௌதிகத்தையும் புதிர்களாகவும் கதைகளாகவும் எழுதினார். மலிவு விலையில் வந்த அந்நூல்களைப் படித்து வளர்ந்தோர் நம் நாட்டிலும் பலர். மராட்டியத்தில் தேவ்லாலி என்னும் ஊரில் பள்ளி ஆசிரியராய் இருந்த டி. ஆர். காப்ரேகர், எண்களோடு விளையாடியே உலகப் புகழ் பெற்றார். நம் சென்னையில், முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியராய் இருந்த பி. கே. சீனிவாசனார், செலவில்லாப் பொருள்களைக் கொண்டு கணக்கை விளையாட்டாக்கிக் காட்டினார். சுவரில் தொங்கும் நாட்காட்டியை வைத்தே ஒரு நூல் எழுதினார். கணித மேதை இராமானுஜரின் நினைவாக 1993இல் இராயபுரத்தில் ஓர் அருங்காட்சியகத்தையும் அமைத்தார்.

அரசின் முயற்சிகளையும் இங்கே நினைவுகூர்தல் வேண்டும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பெற்றது. 2007 முதல் மாநிலமெங்கும் பரவியது. ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுத, நாற்பது பிள்ளைகளும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும் என்னும் நிலை மாறிற்று. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எடுத்துத் தன் படியில் ஏறிற்று. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தமையால் விளைந்த இழப்பை ஈடுசெய்ய 2021இல் இல்லம் தேடிக் கல்வியும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் எனத் தத்தம் நிலைக்கேற்பப் பிரிந்து, பாட்டும் கதையும் பொம்மையும் அட்டையும் கொண்டு பயில்கின்றனர். இவற்றைக் கண்டு, பள்ளியிலே விளையாடுகிறார்களாமே என்று குறைகூறும் பெற்றோர் உளர். அன்பர்களே, அது விளையாட்டே. ஆனால் வீண் விளையாட்டன்று.

வீட்டிலே செய்யத்தக்க அட்டை விளையாட்டுகள்

இனிச் செயலுக்கு வருவோம். செட்டிநாட்டில் திருமணப் பத்திரிகைக்குக் குறைவில்லை. கெட்டியான அட்டையில் அச்சிட்ட பழைய பத்திரிகைகளைச் சமமாக வெட்டி, பின்புறத்தில் 0 முதல் 9 வரையில் எழுதி, நான்கு கட்டுகள், ஆக 40 அட்டைகள் செய்துகொள்ளுங்கள். செலவு ஒன்றுமில்லை. அவ்வட்டைகளைக் கொண்டு ஆடத்தக்க சில விளையாட்டுகளைக் கூறுகிறோம்.

முதலாவது, பத்துச் சேர்த்தல். 0 எழுதிய நான்கு அட்டைகளை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றைக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஒருவர் இரண்டு அட்டைகளைத் திருப்புவார். 6உம் 4உம், 7உம் 3உம் என இரண்டும் சேர்ந்து பத்தானால் அவருக்கே. இல்லையேல் மீண்டும் கவிழ்த்துவிடவேண்டும். முதல் வகுப்புப் பிள்ளைக்கும் இது இயலும். பத்தின் சோடிகள் விரல் நுனியில் நின்றுவிட்டால், பின்னர் வரும் கூட்டலெல்லாம் எளிதாகும்.

இரண்டாவது, இடமதிப்பு ஆட்டம். ஒவ்வொருவரும் தரையில் நூறு, பத்து, ஒன்று என மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ள வேண்டும். கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்தவுடன், அடுத்தது இன்னதென்று அறியாமலேயே அதனை ஒரு கட்டத்தில் வைத்துவிட வேண்டும், வைத்ததை மாற்றலாகாது. முடிவில் பெரிய எண் உடையவர் வென்றவராவார். 4, 7, 2 என்று வரிசையாக வந்தால், முதலில் வந்த 4ஐ நூற்றில் வைத்தவருக்கு 472தான் கிட்டும். பத்தில் வைத்துப் பொறுத்தவருக்கு 742 கிட்டும். ஓர் இலக்கத்தின் மதிப்பு அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த ஒரு பாடநூலாலும் இயலாது.

மூன்றாவது, மனத்தில் நினைத்த எண்ணைக் கண்டுபிடித்தல். நான்கு அட்டைகளில் கீழ்க்கண்டவாறு எழுதுங்கள்.

முதல் அட்டை: 1, 3, 5, 7, 9, 11, 13, 15
இரண்டாம் அட்டை: 2, 3, 6, 7, 10, 11, 14, 15
மூன்றாம் அட்டை: 4, 5, 6, 7, 12, 13, 14, 15
நான்காம் அட்டை: 8, 9, 10, 11, 12, 13, 14, 15

1 முதல் 15க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்தெந்த அட்டைகளில் அது உள்ளது என்று மட்டும் கேளுங்கள். அவ்வட்டைகளின் முதல் எண்களைக் கூட்டினால் நினைத்த எண் வரும். முதல், மூன்றாம், நான்காம் அட்டைகளில் உள்ளது என்றால் 1, 4, 8 ஆகியவற்றைக் கூட்டி, 13 என்று கூறிவிடலாம். இது மாயமன்று. 1, 2, 4, 8 கிலோ எடைக்கற்கள் நான்கே இருப்பினும், தராசில் 1 முதல் 15 கிலோ வரையில் எல்லா எடையையும் நிறுக்கலாம் அல்லவா? அதே கணக்குத்தான். கணிப்பொறியின் உள்ளே நடைபெறும் எண் முறையும் இந்த இரட்டிப்பையே அடிப்படையாகக் கொண்டது.

நான்காவது, ஐந்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் காப்ரேகர் கண்ட விந்தை. நான்கு அட்டைகளை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருத்தல் கூடாது. அவற்றைக் கொண்டு அமையும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழியுங்கள். விடையின் இலக்கங்களை மீண்டும் அவ்வாறே அடுக்கிக் கழியுங்கள். 3, 5, 2, 4 வந்தால், 5432இலிருந்து 2345ஐக் கழிக்க 3087. பின்பு 8730இலிருந்து 0378ஐக் கழிக்க 8352. அதன்பின் 8532இலிருந்து 2358ஐக் கழிக்க 6174. எந்த நான்கு அட்டைகளில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் 6174இலேயே வந்து நிற்கும். பத்துக் கழித்தல் கணக்குப் போடு என்றால் ஓடும் பிள்ளை, அந்த எண் வருகிறதா என்று பார்க்கும் ஆவலில் தானாகவே பத்துக் கணக்கும் போட்டுவிடும்!

அட்டையும் இல்லையெனில் நாட்காட்டி போதும். மாத நாட்காட்டியில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதிகளைக் கட்டமிடுங்கள். நடுவிலுள்ள தேதியை ஒன்பதால் பெருக்கினால் ஒன்பதின் கூட்டுத்தொகை வந்துவிடும். நடுவில் 16 இருந்தால் தொகை 144. ஏன் அவ்வாறு வருகிறது என்று கேளுங்கள். அந்த 'ஏன்' என்னும் வினாவில்தான் கணிதம் பிறக்கிறது.

உழவர்கட்கு ஒன்று சொல்லுவோம். பன்னிரண்டு தீக்குச்சிகளைப் பிள்ளையிடம் தந்து, வேலி போல் நாற்புறமும் அடைத்து வயல் அமைக்கச் சொல்லுங்கள். பக்கத்துக்கு மூன்றாக வைத்தால் ஒன்பது கட்டம்; நான்கும் இரண்டுமாக வைத்தால் எட்டு; ஐந்தும் ஒன்றுமாக வைத்தால் ஐந்தே கட்டம். வேலியின் நீளம் ஒன்றே. அடங்கும் நிலம் வெவ்வேறு. பாகம் பிரிக்கும்போது சுற்றளவை மட்டும் பார்த்து ஏமாறாதிருக்க இந்த ஒரு விளையாட்டுப் போதும்.

எழக்கூடிய ஐயங்கள்

சீட்டு என்றாலே சூது என்று பெரியோர் சிலர் முகம் சுளிக்கலாம். அவர்கள் அச்சம் நியாயமானதே. பணம் வைத்து ஆடும் சீட்டும், இந்நாளில் கைப்பேசி வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்ட சூதாட்டமும் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்திருக்கின்றன. ஆகவே இதனைச் சீட்டு என்னாது எண் அட்டை என்றே அழைப்போம். காசு மட்டுமன்று, மிட்டாய்கூடப் பந்தயம் வைத்தல் கூடாது என்பது முதல் விதியாக இருக்கட்டும். இடமதிப்பு ஆட்டத்தையும் சோடி சேர்த்தலையும் பழகிய பிள்ளை, கட்டில் எந்த அட்டை எத்தனை மீதமுள்ளது என்று எண்ணத் தொடங்கும். வாய்ப்பு என்பது எப்படிச் சாய்கிறது என்று எண்ணத் தெரிந்தவன் சூதில் எளிதில் வீழான்.

விளையாட்டு மட்டும் போதுமா என்று மற்றொரு வினா எழும். போதாது. ஆடி முடித்தபின், தான் எண்ணியதைப் பிள்ளை வாயால் சொல்ல வேண்டும்; தாளில் எழுத வேண்டும்; வாய்பாடும் வேண்டும்; பயிற்சியும் வேண்டும். உழாத நிலத்தில் விதைத்தால் பயிர் எழாது. உழுதுவிட்டு விதையாதிருந்தாலும் பயிர் எழாது. விளையாட்டு நிலத்தைப் பண்படுத்தும் உழவு. பாடம் விதை.

இன்னும் ஒரு நன்மையைக் குறிப்பிட வேண்டும். கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் வகுப்பில் என்றும் ஒரே பிள்ளை முந்துகிறது. பின்தங்கிய பிள்ளை என்றும் பின்னேயே நிற்கிறது. அட்டையைக் குலுக்கிப் போட்டால், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் நல்ல அட்டை விழும், அதுவும் வெல்லும். ஒரு முறை வென்ற பிள்ளை மறுநாளும் ஆட வரும். மறுநாளும் வருமாறு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகும். பெண் குழந்தைகளைச் சமையலுக்கும் தண்ணீருக்கும் அனுப்பிவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் ஆட்டத்தில் அமர்த்துவதும் கூடாது. பல்லாங்குழியைக் காத்துத் தந்தவர்கள் பெண்களே என்பதை மறவாதீர்கள்.

நூல்களும் நூலகமும்

விளையாட்டோடு நூலும் வேண்டும். நம் அண்டை மாவட்டமாகிய புதுக்கோட்டையின் இராயவரத்தில் பிறந்த குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா, பாட்டின் மூலம் எழுத்தைப் பிள்ளைகளுக்கு இனிப்பாக்கினார். அதுபோல எண்ணை இனிப்பாக்கும் கதைப்புத்தகங்களும் இன்று தமிழில் கிடைக்கின்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் வெளியிட்டுவரும் துளிர் இதழில் புதிர்க் கணக்குகள் வருகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில், எண்ணும் அளவும் வடிவமும் பற்றிய படக்கதைகளைத் தமிழில் இலவசமாகவே படிக்கலாம், அச்சிட்டும் கொள்ளலாம்.

இவை எங்கே வைக்கப்பட வேண்டும்? 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்பப்பெற்றது. திறந்திருக்கும் இடங்களில் அவற்றை வாழ்த்துவோம். பூட்டிக் கிடக்கும் இடங்களில் பூட்டைத் திறப்போம். பூட்டிய அலமாரியில் புதிதாக இருக்கும் புத்தகத்தைக் காட்டிலும், பிள்ளைகள் கைபட்டுக் கிழிந்த புத்தகமே ஊராட்சிக்குப் பெருமை.

ஊராட்சி செய்யவேண்டுவன

முதலாவதாக, வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், நூலகத்திலோ சமுதாயக் கூடத்திலோ எண் விளையாட்டு நடைபெற ஏற்பாடு செய்க. விளக்கும் பாயும் குடிநீரும் இருந்தால் போதும். படித்த இளைஞர் இருவரும், பல்லாங்குழி அறிந்த பாட்டியார் ஒருவரும் பொறுப்பேற்கட்டும்.

இரண்டாவதாக, 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்பொருளை வையுங்கள். குழுவில் பெற்றோர்க்கே பெரும்பான்மை இடம் உண்டு. நம் பிள்ளை பாஸா என்று கேட்பதோடு நில்லாது, மூன்றாம் வகுப்புப் பிள்ளை நூறு ரூபாய்க்குச் சில்லறை எண்ணித் தருகிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவதாக, இராமானுஜர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள், 2012 முதல் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பெறுகிறது. அன்று ஊரிலே எண் விழா எடுப்போம். கும்பகோணத்தில் வளர்ந்த அந்த மேதையின் நோட்டுப் புத்தகத்தின் முதற்பகுதியே, எப்பக்கம் கூட்டினும் ஒரே தொகை வரும் மாயச் சதுரங்களைப் பற்றியது. உயர்கணிதத்தின் உச்சியைத் தொட்டவரும் இந்த விளையாட்டிலிருந்தே தொடங்கினார். நம் பிள்ளைகளும் 1 முதல் 9 வரையுள்ள அட்டைகளை மூன்று வரிசையாக அடுக்கி, எப்பக்கமும் பதினைந்து வரச் செய்யட்டும். முதல் வரிசையில் 8, 1, 6 என்று மட்டும் சொல்லிவைக்கிறோம். மற்ற இரண்டு வரிசைகளையும் இன்றிரவு நீங்களும் உங்கள் பிள்ளைகளும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.

பெரியோர்களே! ஊருக்குச் சாலை வந்தால் வண்டி ஓடும். கண்மாய் நிறைந்தால் வயல் விளையும். பிள்ளைகள் கணக்கறிந்தால் அவ்விளைச்சல் விளைவித்தவர் வீட்டிலேயே தங்கும். அதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. நாற்பது அட்டைகளும், ஒரு மாலைப் பொழுதும், பிள்ளைகளோடு தரையில் அமரும் மனமும் இருந்தால் போதும். அம்மனம் உங்களுக்கு உண்டு என்னும் நம்பிக்கையோடு எங்கள் உரையை நிறைவு செய்கிறோம்.